எர்த் குழியும் அக்காமார் வீடும்

மக்களே ஷெரின்,

நீ பெட்டியும் படுக்கையுமாக நாகர்கோயில் ஒழுகினசேரி வீட்டுக்குப் போய்ச் சில வாரம் ஆகிறது. அஞ்சுகிராமத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உன் வாசலில் வந்து நிற்கலாம். இந்தத் தூரத்துக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவன் நம்ம ஊரில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் ரெண்டு பேரும் போனில் பேசினால் எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். “சாப்ட்டியா?” “ம்.” “அங்க மழையா?” “லேசா.” “சரி, அம்மாட்ட குடுக்கேன்.” அதோடு முடிந்தது. நான் இதுவரை எழுதியதெல்லாம் காற்றாலை சர்வீஸ் ரிப்போர்ட்தான். ஆயில் மாற்றியாச்சு, போல்ட் முறுக்கியாச்சு, மெஷின் ஓடுகிறது, கீழே ஒரு கையெழுத்து. அந்த வாடை இதிலும் அடித்தால் பொறுத்துக்கொள். மகளுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிற வயதும் எனக்கு ஆகவில்லை. இருபத்திரண்டு வயதில் கல்யாணம் பண்ணிய அவசரக்காரன் நான், இன்னும் ஆரல்வாய்மொழியில் டவர் ஏறி இறங்குகிறேன், மீசையில் ஒரு நரை கிடையாது. அம்மா இதை எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு இருக்கு” என்கிறாள். சரி, ரெண்டு இருக்கிறது.

எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். வீட்டு எர்த் சரியானதும் அப்பா சம்மதித்துவிட்டார் என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். திறப்பு விழா அன்று மைக்கிலும் சொன்னாய், அந்தப் பிள்ளைகளும் கை தட்டின. அது பாதிதான் உண்மை. மீதியை உனக்குச் சொல்ல வேண்டும். நீ இதை அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

முதலில் நீ விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசை. நான் வேலையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்த நேரம். “அப்பா, நாங்க காலேஜ்ல ஒரு அக்காமார் வீடு தொடங்கப்போறோம். கோயம்புத்தூர்ல இருக்கு. இங்க அதுக்கு ஒரு கிளை” என்றாய். “எந்த அக்காமார்?” என்றேன். “நாங்கதான்.” “நீ எப்பட்டி அக்கா ஆன? நீ ஒத்தப் பிள்ளை.” “அதுக்குத்தாம்பா” என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை ஒதுக்கிவைத்தாய். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒத்தப் பிள்ளையாக வளர்த்தது ஏதோ குறை வைத்தது மாதிரி பட்டது. நீ அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

பிறகு நீ விளக்கினாய். அமெரிக்காவில் காலேஜ் பெண்கள் சொராரிட்டி என்று சேர்ந்து, ஒரே வீட்டில் தங்கி, ஒருத்திக்கொருத்தி அக்கா தங்கச்சியாக இருப்பார்களாம். அதைக் கேள்விப்பட்டுக் கோயம்புத்தூரில் சில பெண்கள் நம்ம நாட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றித் தொடங்கியிருக்கிறார்களாம். வார்டன் கிடையாது. மூத்த வருஷத்துப் பெண் ஒவ்வொருத்தியும் புதிதாக வருகிற ஒருத்தியைத் தங்கச்சியாக எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும், அரியர் விழுந்தாலும், வீட்டில் சண்டை என்று அழுதாலும் அக்காதான் பொறுப்பு. ஊர், சாதி, மதம் பார்த்து எடுக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். அடுத்த வருஷம் அந்தத் தங்கச்சி இன்னொருத்திக்கு அக்கா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு விதி சொன்னாய் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கிளை தொடங்குகிறவர்கள் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். சொந்த வீடு பக்கத்திலேயே இருந்தாலும் தங்க வேண்டும். தொடங்கிவைத்துவிட்டுச் சாயங்காலம் அப்பா வீட்டுக்கு மீன்குழம்பு சாப்பிட ஓடினால் அது அக்காமார் வீடு இல்லையாம்.

எனக்கு இந்தச் சங்கம், வட்டம், குழு எதுவும் ஆகாது. நாலு பேர் கூடினால் முதலில் பேர் வைப்பார்கள், பிறகு போட்டோ எடுப்பார்கள், அதன் பிறகு யார் தலைவி என்று அடித்துக்கொள்வார்கள். இதை உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். “வாசல்ல பஸ் நிக்குது. உனக்கு எதுக்கு வாடகை வீடு?” என்றும் கேட்டேன். நீ, “எனக்கு வேண்டாம்பா. ஆனா ஸாஹிலாவுக்கு வேணும்” என்றாய். யார் ஸாஹிலா என்றுகூட நான் கேட்கவில்லை. அம்மாதான், “நான் நர்சிங் படிச்சப்போ டைபாய்டு வந்து கெடந்தேன். பக்கத்துக் கட்டில்காரிதான் எனக்குத் தலை சீவி விட்டா. எங்க வீட்டுக்குத் தெரியும்போது எனக்குக் காய்ச்சலே விட்டுப்போச்சு. பிள்ளை நல்லதுதானே சொல்லுகா” என்றாள். ரெண்டு பேரும் ஒரு பக்கம் சேர்ந்ததும் எனக்கு எரிச்சல். “வீட்டப் பாக்கணும். வயரிங் சரியில்லாத வீட்ல எம் பிள்ள தங்காது” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நீ அதைப் பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை மக்களே. அந்த வீடு பழைய வீடு, வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று நீ ஏற்கெனவே சொல்லியிருந்தாய். அப்படிப்பட்ட வீட்டில் கரண்ட் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உன்னோடு சண்டை போடாமல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதுதான் வழி. நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, மீட்டர் சொல்லும்.

வேலையிடத்திலிருந்து எர்த் டெஸ்டர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வாசலில் உன்னோடு ரெண்டு பேர் நின்றார்கள். தோவாளைக்காரி சுதா வாய் ஓயாமல் பேசினாள். தேங்காப்பட்டணத்து ஸாஹிலா வாயே திறக்கவில்லை. அவள் எலெக்ட்ரிக்கல் படிக்கிறாள் என்று நீ சொன்ன பிறகுதான் அவள் பார்வை ஏன் என் முகத்தில் இல்லாமல் என் கையிலிருந்த டெஸ்டரில் இருந்தது என்று புரிந்தது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் வயரை போர்டிலிருந்து பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனேன். அந்தக் காலத்து வழக்கப்படி அதைத் தண்ணீர்க் குழாயில் கிளாம்ப் போட்டுக் கட்டியிருந்தான். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிற வரைக்கும் அது சரி. ஆனால் இடையில் யாரோ குழாயை பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தார்கள். மேலே ஒரு முழம் இரும்பு, கீழே முழுக்க பிளாஸ்டிக். எர்த் வயர் ஜம்மென்று கட்டி நிற்கிறது, போய்ச் சேருகிற இடம்தான் இல்லை. குழாய் மாற்றியவன் கரண்டை நினைக்கவில்லை. கரண்ட் வேலை பார்த்தவன் குழாய் மாறும் என்று நினைக்கவில்லை. உள்ளே சுதா கிரைண்டரில் கை வைத்துச் சின்னதாக ஷாக் வாங்கிவிட்டு, “லேசா வெட்டுது அங்கிள். பரவால்ல, பழகிரும்” என்றாள். “ஏட்டி, இது பழகுற சாமான் இல்ல. ஒருநாள் ஈரக் கையோட தொட்டா அப்புறம் நீ பழக வேண்டியது மேல உள்ளவங்களோட” என்றேன். அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் உள்ளுக்குள் சந்தோஷம். இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. வீடு தோற்க வேண்டும் என்று வந்தேன், வீடு தோற்றது, நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அப்போதுதான் அந்த ஊமைப் பிள்ளை வாயைத் திறந்தாள். “அங்கிள், என்னெல்லாம் மாத்தினா பாஸ் ஆவும்?” நான் மூச்சு விடாமல் அடுக்கினேன். வயர் முழுக்க உருவணும், நியூட்ரலில் கிடக்கிற சுவிட்சையெல்லாம் பேஸுக்கு மாற்றணும், கசிவு வந்தால் தானாக விழுகிற பிரேக்கர் போடணும், புதுசாக எர்த் குழி தோண்டணும், ஆழம் இவ்வளவு, உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போடணும், எர்த் அளவு அஞ்சு ஓமுக்குக் கீழே வரணும், குறையக் குறைய நல்லது. பயந்து ஓடட்டும் என்றுதான் அவ்வளவு வேகமாகச் சொன்னேன். நீ போனில் அதை ரெக்கார்ட் பண்ணிக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் ஸாஹிலாவின் வாப்பா நிற்கிறார். தேங்காய் வியாபாரி, மினி லாரியை ஓரமாகப் போட்டிருந்தார். நீங்கள் மூன்று பேரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் என்ன சொன்னார் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. “சாரே, எனக்க மோளு வெளுக்கதுக்கு முன்ன எறங்கும். நாகர்கோயில்ல எறங்கி வேற பஸ்ஸு புடிச்சுக் காலேஜுக்குப் போவும். திரும்பி வரும்போ எங்க பள்ளியில ராத்திரி இஷா தொழுகை முடிஞ்சிருக்கும். சோத்துக்கு முன்னால இருந்துக்கிட்டே ஒறங்கும். எனக்கு இது கண்டுக்கிட்டு இருக்க முடியல்ல” என்றார். “அதுக்கு?” என்றேன், எனக்கே உரிய மரியாதையோடு. “எனக்குக் கரண்டும் தெரியாது, சங்கமும் தெரியாது. நிங்க படிச்ச ஆளு. நிங்க பாத்து இந்த வீடு கொள்ளாம்னு சொன்னா அது இங்க இருக்கட்டு. இல்லேன்னா காலேஜ் தொறக்கதுக்கு முன்ன டிசி வாங்கி வீட்டுப் பக்கத்துல சேத்திருவேன். அங்க கரண்டுப் படிப்பு இல்ல. வேற என்னவாவது படிக்கட்டு.” நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை உள்ளே என் டெஸ்டர் பெட்டியைத் திறந்து வைத்து, ஒயர்களைச் சிக்கல் எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் மகளை வீட்டில் நிறுத்த ஒரு வழி பார்த்து வந்தவன் நான். முன்பின் தெரியாத ஒருத்தர் தன் மகளின் படிப்பை என் மீட்டர் முள்ளில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகிறார். யார் கேட்டது இதை?

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை அம்மா போனில் காட்டக் காட்டத்தான் பார்த்தேன். வயர் இழுக்க மட்டும் ஆள் வைத்தீர்கள். குழி நீங்களே தோண்டினீர்கள். சாமிதோப்புப் பக்கம் உப்பளத்திலிருந்து கல்லுப்பு, இஸ்திரிக் கடையிலிருந்து கரி. சுதா முகமெல்லாம் கரியோடு நிற்கிற படத்தைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். அடுக்கு சரியாக இருந்தது. உப்பு, கரி, உப்பு, கரி. எவளோ ஒழுங்காகப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

கோடை மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் நீ என்னைக் கூப்பிட்டாய். வந்து அளந்தேன். முள் அருமையாக இறங்கி நின்றது. சுதா ஒரு கூச்சல் போட்டாள், பக்கத்து வீட்டு மாடியில் ஆள் எட்டிப் பார்த்தது. நான் டெஸ்டரை மூடிவிட்டு, “இது செல்லாது” என்றேன். உன் முகம் போன போக்கு எனக்கு இப்போதும் தெரிகிறது. “ஏம்ப்பா?” “நேத்து முழுக்க மழை. மண்ணு ஊறிக் கெடக்கு. ஊறின மண்ணுல எந்தக் குழியும் பாஸ் ஆவும். காயணும். காஞ்ச பிறவு எடுக்க அளவுதான் அளவு.” “எப்போ காயும்?” “மழ நிக்கணும்லா?” அப்போது நீ வெடித்தாய். “நீங்க வேணும்னேதான் செய்யுதீங்க. வீட்டுக்காரர் காலேஜ் தொறக்க வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காரு. அதுக்குப் பிறவு வீட்ட குடோனுக்குக் குடுத்திருவாரு. அது தெரிஞ்சுதான் சொல்லுதீங்க. உங்களுக்கு இந்த வீடு தொறக்கக் கூடாது. அவ்வளவுதான.”

மக்களே, நான் சொன்னது தொழில்முறைப்படி அச்சுப் பிசகாத உண்மை. அதே சமயம் நீ சொன்னதும் உண்மை. மழையில் எடுத்த அளவு செல்லாது என்று சொல்லும்போது என் வாயில் பேசியது டெக்னீசியனா, உன்னை விட மனசில்லாத அப்பனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. டவரில் ஏதாவது கோளாறு என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிப் பார்த்து இதுதான் என்று கண்டுபிடித்துவிடுவேன். இதை எப்படிக் கழற்றுவது?

பதில் சொன்னது ஸாஹிலா. குழிப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தவள் நிமிராமலே, “ஷெரினே, அங்கிள் சொல்லுகது செரிதான். மழயில அளவு எறங்கும். எங்க லேபிலயும் சொல்லித் தந்தது” என்றாள். நீ, “உனக்காகத்தான் பேசிட்டிருக்கேன், நீ அவரு பக்கம் பேசுகியா?” என்று அவள்மேல் பாய்ந்தாய். அவள், “நான் அங்க கெடந்து ஒறங்கணும்லா. தப்பான அளவ வச்சுக்கிட்டு எப்படி ஒறங்க?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த அளவு செல்லும் என்று நான் சொல்லியிருந்தால் அவளுக்குப் படிப்பு நிச்சயம். செல்லாது என்றால் டிசி. அவள் செல்லாது என்கிற பக்கம் நின்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பைக்கில் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வேட்டியை மாற்றிவிட்டுக் கடப்பாரையும் மண்வெட்டியுமாக நான் வந்து நின்றபோது நீ எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். குறை சொல்லிவிட்டுப் போகிற வேலை எனக்குச் சுலபம். உனக்கும் அந்தப் புத்தி கொஞ்சம் உண்டு, என் ரத்தம்தானே. சின்ன வயதில் நீ சைக்கிளிலிருந்து விழுந்து வந்தபோது, “பிரேக்க ஏன் பிடிக்கல?” என்று முதலில் கத்தினேன், அதற்குப் பிறகுதான் முழங்காலைப் பார்த்தேன். நாளைக்கு உன் தங்கச்சி ஒருத்தி அரியரோடு வந்து நிற்பாள். முதலில் முழங்காலைப் பார். பிரேக் கதை சோறு தின்ற பிறகு பேசலாம்.

காய்வதற்குக் காத்திருக்க நேரமில்லை என்றால், காய்ந்தாலும் கவலையில்லாத மாதிரி செய்ய வேண்டும். அது ரொம்பச் சாதாரணக் கணக்கு. ரெண்டாவதாக ஒரு குழி தோண்டி ரெண்டையும் சேர்த்துக் கட்டினால் அளவு இன்னும் இறங்கும். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தண்ணீர் ஓடி எப்போதும் குளிர்ந்து கிடக்கிற மண் இருக்கிறதே, அங்கே தோண்டலாம் என்று காட்டினேன். இடுப்பளவு போவதற்குள் பாறை. சுதா எட்டிப் பார்த்து, “அங்கிள், இது குழி இல்ல, தொட்டி” என்றாள். மண் போட்டு மூடிவிட்டு ஒரு ஆள் நீளம் தள்ளித் தோண்டினோம். உன் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு நீ மறுபடி கடப்பாரையைக் கேட்டாய். நான் கொடுத்தேன். வேறு யாராவது பிள்ளையாக இருந்தால் போய் உட்காரு என்று சொல்லியிருப்பேன். உன்னிடம் சொன்னால் நீ உட்கார மாட்டாய் என்று தெரியும்.

பிறகு மழை விட்டது. தொடர்ந்து வெயில். மண் வெடிக்கிற அளவு காயட்டும் என்று நானே நாள் கடத்தினேன், நீயும் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் வந்து அளந்தேன். ஸாஹிலாவை முள்ளைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்தாள். மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னேன். ரெண்டு ஓமுக்கும் கீழே. நீ சுதாவைக் கட்டிப்பிடித்தாய், சுதா கிணற்றுச் சுவரைக் கட்டிப்பிடித்தாள், எல்லாரும் வெள்ளை அடிக்க உள்ளே ஓடினீர்கள். உனக்குத் தெரிந்த கதை இதுவரைக்கும்தான்.

நான் ரோட்டுக்கு வந்து ஸாஹிலாவின் வாப்பாவுக்குப் போன் போட்டேன். அந்த நேரத்தில் என் மனசில் என்ன இருந்தது தெரியுமா? வீடு பாஸ். கிளை தொடங்கட்டும். ஸாஹிலா இருக்கட்டும், சுதா இருக்கட்டும். ஆனால் ஷெரின் தங்க வேண்டாம். அவள் வீட்டிலிருந்தே வந்து எல்லாம் நடத்தட்டும், கோயம்புத்தூர்க்காரர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன், விதி என்றால் வளைக்க முடியாத இரும்பா என்ன. குழி தோண்டியது அந்தப் பிள்ளைக்காக. உன்னை விடுவதற்காக இல்லை. இதுதான் நான் உன்னிடம் சொல்லாத மீதி.

“சாரே, சொல்லுங்க” என்றார். “வீடு நல்லாருக்கு. கரண்டுல ஒரு குறையும் இல்ல. காஞ்ச மண்ணுல அளந்தாச்சு” என்றேன். அவர், “நிங்க சொன்னா செரி. எனக்கு இந்த அளவு ஒண்ணும் மனசிலாவாது. ஒரு காரியம் மட்டும் கேக்கட்டா?” என்றார். “கேளுங்க.” “உங்களுக்க மோளும் அங்கதான கெடந்து ஒறங்கும்?”

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நல்லதாய்ப் போயிற்று, அது போகிற வரைக்கும் நான் பேச வேண்டியதில்லை. ஓம் கணக்கெல்லாம் எனக்கு, அவருக்கு இது ஒன்றுதான் மீட்டர். என் பிள்ளையைப் படுக்கவைக்கத் துணியாத வீட்டில் அவர் பிள்ளை தங்கலாம் என்று நான் சொன்னால், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? மழையில் எடுத்த அளவு மாதிரிதான். “என்னா சாரே, லைன் போச்சா? கேட்டது தப்பா?” என்றார். “தப்பு ஒண்ணும் இல்ல. எம் பிள்ளையும் அங்கதான் இருப்பா” என்றேன். “அப்போ எனக்கு வேற ஒண்ணும் கேக்கதுக்கு இல்ல” என்றார்.

நான் உள்ளே வந்து, “பெட்டி எப்பக் கட்டணும்?” என்று கேட்டேன். நீ பிரஷ்ஷைப் பிடித்தபடி, “யாரு பெட்டி?” என்று முழித்தாய். அந்த முழியை நான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்று சொல்லட்டுமா? அதைச் சொல்லி முடித்ததும் எனக்கு வருத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. டவரிலிருந்து இறங்கி சேப்டி பெல்ட்டைக் கழற்றிக் கீழே போடும்போது இடுப்புக்கு ஒரு காற்று வரும் பார், அதுதான் வந்தது. இத்தனை வருஷம் உன்னைப் பற்றிய ஒவ்வொரு முடிவையும் நான் ஒருத்தனே இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன். பஸ் லேட்டானால் ரோட்டில் நிற்பது நான், மார்க் குறைந்தால் தூங்காதது நான். ஒத்தப் பிள்ளை என்றால் பெற்றவனும் ஒத்தை ஆள்தான் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. இப்போது உனக்குத் தலைவலி என்றால் தைலம் எடுத்துவர அங்கே ஒரு வீடு நிறைய ஆள் இருக்கிறது. போன வாரம் உனக்குக் காய்ச்சல் வந்து போனதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மா அழப்போகிறாள் என்று பார்த்தேன். “யாரு தலை சீவி விட்டா?” என்று மட்டும் கேட்டாள். சுதா என்றாய். அம்மா தலையாட்டிவிட்டுப் போய்ச் சோறு வடித்தாள்.

சங்கத்தைப் பற்றி எனக்கு இன்னும் பெரிய நம்பிக்கை கிடையாது. தலைவி யார் என்கிற சண்டை வரும், வராமல் இருக்காது. வந்தால் வீட்டை விட்டு வெளியே வந்து சண்டை போடாதே, உள்ளேயே போட்டு முடி. சீட்டில் உனக்கு விழுந்த குளச்சல் பிள்ளை உன்னிடம் பேசவே பயப்படுகிறாள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். நீ என்னை மாதிரி நறுக்கென்று பேசினால் பயப்படத்தான் செய்வாள். கொஞ்சம் இழுத்துப் பேசு. இதை எழுதுகிறவன் யார் என்று நீ சிரிப்பாய். சிரி.

நீ தினமும் போன் பண்ண வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வேறு ஆள் இருக்கிறது. ஸாஹிலாவின் வாப்பா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார். என்ன பேச என்று ரெண்டு பேருக்கும் தெரியாது, ஆனாலும் கூப்பிடுகிறார். நேற்று நான் டவர் அடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

“சாரே, எனக்க மோளு விளிச்சு மூணு நாளாச்சு. உங்களுக்க மோளு விளிச்சுதா?”

“இல்ல, அவளும் கூப்பிடல.”

“அப்போ ரெண்டும் நல்லா இருக்கும்” என்றார்.

“ஆமா, நல்லாத்தான் இருக்கும்” என்றேன்.

அப்பா